பலெர்மோவின் விதானமும் நம் பயண நூல்களின் பார்வையும்

ஆவடியில் என் இல்லத்திற்கு அடுத்த தெருவில் வசிக்கும் நண்பர் ஒருவர், டேங்க் ஃபாக்டரியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஐரோப்பாவைப் பத்து நாள்களில் சுற்றிக்காட்டும் குழுவொன்றுடன் இத்தாலி சென்று திரும்பியதும் தாம் எடுத்த படங்களைக் காட்ட வந்தார். சாயும் கோபுரத்தை உள்ளங்கையால் தாங்கிப் பிடிப்பது போன்ற படம் இல்லாத பிசாப் பயணி உண்டோ? அவரிடமும் அது இருந்தது. அதன் ஓரத்தில், பேராலயத்தின் கூரை முகட்டில், சிறகு முளைத்த மிருகம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. "இது என்ன உருவம், பாய்? எங்கள் வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லையே" என்றார்.

வழிகாட்டி மட்டுமன்று, இத்தாலியைப் பற்றித் தமிழில் அண்மைக் காலமாக வெளிவந்துள்ள பயண நூல்களுள் நான் படித்தவை எவையும் அதனைச் சொல்லவில்லை. அது வெண்கலத்தாலான கிரிஃபின் எனும் கற்பனை விலங்கு. கூரையில் நிற்பது நகல். மூல உருவம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரமுடையது. 1828இல் கீழே இறக்கப்பட்டு, இன்று அதே சதுக்கத்திலுள்ள பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மார்பைச் சுற்றிக் கூஃபி எழுத்தில் அரபு மொழியில் உடைமையாளருக்கான நல்வாழ்த்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. 11ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் முஸ்லிம் கைவினைஞர் வார்த்தது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. இதனினும் வியப்பிற்குரியது, அந்தப் பேராலயத்தின் முகப்பிலுள்ள இலத்தீன் கல்வெட்டு. முஸ்லிம்கள் ஆண்ட பலெர்மோத் துறைமுகத்தைப் பிசா நகரத்தார் தாக்கிக் கைப்பற்றிய பொருளைக்கொண்டே கட்டடப் பணி தொடங்கிற்று என்று அது வெளிப்படையாகவே அறிவிக்கிறது. கோபுரம் எத்தனை பாகை சாய்ந்துள்ளது என்பதை நம் நூல்கள் தசமப் புள்ளியோடு தருகின்றன. கோபுரம் யாருடைய பணத்தில் எழுந்த ஆலயத்தின் துணைக் கட்டடம் என்பதைக் கேட்பதில்லை.

தமிழில் பயண இலக்கியத்திற்கு ஒரு மரபு உண்டு. ஏ.கே. செட்டியாரும் சோமலெயும் அதற்கு அடித்தளமிட்டனர். சென்ற இடத்தில் மனிதர்களையும் நிறுவனங்களையும் கவனித்து, மிகையின்றி எழுதிய தலைமுறை அது. பிற்காலத்தில் பயண நூல் என்பது பயணத் திட்டத்தின் விரிவுரையாகச் சுருங்கிவிட்டது. ரோமில் கொலோசியம், வத்திக்கானில் மைக்கேல் ஏஞ்சலோ, ஃபிளாரன்ஸில் தாவீது சிலை, பிசாவில் கோபுரம், வெனிஸில் படகு. நடுநடுவே இட்லி கிடைக்காத ஏக்கமும், கழிப்பறைக்குக் கட்டணம் கொடுத்த அங்கலாய்ப்பும். எதைக் கண்டாலும் 'கண்கொள்ளாக் காட்சி' என்ற ஒரே சொல். கண் கொள்ளாமற் போனதற்குக் காட்சியைக் குறைகூறுவானேன் என்று கேட்கத் தோன்றுகிறது.

வெனிஸை எடுத்துக்கொள்வோம். புனித மாற்கு சதுக்கத்தில் புறாக்களோடு படமெடுத்துக்கொள்ளும் சென்னைவாசிக்கு, எதிரே நிற்கும் மார்ச்சியானா நூலகத்தில் தம் ஊரோடு பிணைந்த கையெழுத்துப் படிகள் உறங்குகின்றன என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. வெனிஸில் பிறந்த நிக்கோலாவோ மனுச்சி 1656இல் சிறுவனாக இந்தியா வந்து, இளவரசர் தாரா ஷிகோவின் பீரங்கிப் படையில் சேர்ந்து, பிறகு மருத்துவராகி, 1686இல் சென்னையில் மணம் முடித்து, இங்கேயே தம் முதுமையைக் கழித்தவர். பரங்கிமலையில் அவருக்கு இல்லம் இருந்தது. முகலாயர் வரலாற்றைக் கூறும் அவரது பெருநூல் முழுமை பெற்றது இம்மண்ணில்தான். அவுரங்கசீப் மீது அவருக்கிருந்த வெறுப்பு பக்கந்தோறும் தெறிக்கிறது. கேள்விப்பட்டதையும் கண்டதையும் அவர் வேறுபடுத்துவதில்லை. அதனால் அவரை நம்பிப் படிக்க இயலாது. ஆயினும் படிக்காமலும் இருக்க இயலாது.

அதே நகரின் பெருங்கால்வாய்க் கரையில் 'ஃபோந்தாக்கோ தெய் துர்க்கி' என்னும் மாளிகை நிற்கிறது. 1621 முதல் 1838 வரை உதுமானிய வணிகர்கள் தங்கிய விடுதி அது. உள்ளே தொழுகைக்கென ஓர் அறையும் குளியல் இல்லமும் இருந்தன. இன்று அது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். 'ஃபோந்தாக்கோ' என்ற சொல்லே 'ஃபுந்துக்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. கப்பற்பட்டறையைக் குறிக்கும் 'அர்செனாலே' என்பதும் 'தாருஸ் ஸினாஆ'விலிருந்து வந்ததே. வணிகத்தோடு சொல்லும் கரையேறியது. திருக்குர்ஆனை அரபு எழுத்தில் முதன்முதலாக அச்சிட்டவர்களும் வெனிஸ் நகர அச்சகத்தாரே. பகனீனிக் குடும்பத்தார் 1537-38இல் செய்த அப்பணி பிழைகள் மலிந்ததாக இருந்தது, வணிகமும் தோற்றது. அதன் ஒரே பிரதி 1987இல் அந்நகரின் சிறு தீவொன்றிலுள்ள துறவியர் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது.

ஃபிளாரன்ஸின் உஃப்பீட்சிக் கூடத்திலும் இதுபோன்றதொரு விந்தை உண்டு. ஜென்டீலே தா ஃபாப்ரியானோ 1423இல் தீட்டிய ஞானியர் வணக்கப் படத்தில், அன்னை மர்யமின் தலையைச் சூழ்ந்த ஒளிவட்டத்தில் அரபு எழுத்துப் போன்ற வடிவங்கள் உள்ளன. கீழ்த்திசைத் துணிகளிலும் பாத்திரங்களிலும் கண்டதை ஓவியர் அழகுக்காக வரைந்தார். பொருள் தெரிந்து எழுதியதன்று. இதைப் பெரிதாக்கி ஏதேதோ முடிவுகளுக்குத் தாவுவது தகாது.

இப்படித் தாவுபவர்கள் நம்மவர்களும்தான் என்பதால் இதை இங்கே குறிப்பிட நேர்கிறது. பயண நூலாசிரியர்கள் மறந்ததை நம் சமுதாய இதழ்கள் நினைவூட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் எந்த முறையில்? சிசிலி என்றதும் இரண்டே வகைக் கட்டுரைகள் வருகின்றன. ஒன்று, 'இதுவும் நாம் கட்டியது, அதுவும் நாம் தந்தது' என்னும் பெருமிதப் பட்டியல். மற்றொன்று, இழந்த பொற்காலத்தை எண்ணி அழும் ஒப்பாரி. பின்னதற்கு அல்லாமா இக்பால் 1908இல் ஐரோப்பாவிலிருந்து திரும்புகையில் கப்பலிலிருந்தவாறு அத்தீவைக் கண்டு பாடிய கவிதை மூலமாயிற்று. கவிஞருக்குக் கப்பல் தளம் போதும். அவரது கண்ணீர் கலையாகிறது. அக்கண்ணீரைக் கடன் வாங்கி உரைநடை எழுதுகிறவருக்குக் கரையில் இறங்கி நடக்கும் கடமை இருக்கிறது.

நடந்தால் என்ன தெரியும்? ஹிஜ்ரி 212இல், அதாவது 827இல், கைரவானின் காழியும் மாலிக்கீ சட்ட அறிஞருமான அஸத் இப்னுல் ஃபுராத் தலைமையில் அக்லபிய அரசின் படை மஸாராவில் இறங்கியது. அடுத்த ஆண்டே அவர் சிரகூசா முற்றுகையின்போது இறந்தார். 831இல் பலெர்மோ வீழ்ந்தது. தீவு முழுவதும் கைவர முக்கால் நூற்றாண்டு பிடித்தது. நார்மானியர் 1061இல் மெஸ்ஸீனாவைப் பிடித்து, 1072இல் பலெர்மோவுக்குள் நுழைந்து, 1091இல் நோத்தோவையும் கொண்டபோது முஸ்லிம் ஆட்சி முடிந்தது. ஆனால் இன்று பலெர்மோவில் 'அரபுக் கட்டடம்' என்று பயணிக்குக் காட்டப்படுபவை ஏறத்தாழ எல்லாமே அம்முடிவிற்குப் பின் எழுந்தவை. 973இல் அங்கு வந்த இப்னு ஹவ்கல் முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்களைக் கணக்கிட்டார். அவற்றுள் ஒன்றுகூட முழுமையாக நிற்கவில்லை.

(இப்னு ஹவ்கல் அந்த எண்ணிக்கையைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். தந்தையின் பள்ளிவாசலிலிருந்து சில அடிகள் தொலைவில் மகனுக்கென்று தனிப் பள்ளிவாசல்; ஒவ்வொருவருக்கும் தம் பெயரால் ஒன்று வேண்டும் என்னும் செருக்கு. இதைத்தான் அவர் எள்ளுகிறார். படைப்பணியிலிருந்து தப்பவே பலர் பள்ளி ஆசிரியர்களாயினர் என்றும், பச்சை வெங்காயத்தை அளவின்றித் தின்று அறிவு மழுங்கினர் என்றும் அடுக்குகிறார். வெங்காயத்தை விட்டுவிடலாம், பள்ளிவாசல்களைப் பற்றி அவர் சொன்னது நம் ஊர்களை அறிந்தவர்க்குப் புதிதன்று.)

இரண்டாம் ரோஜர் மன்னரின் அரண்மனைச் சிற்றாலயமான கப்பெல்லா பலத்தீனா 1140இல் நேர்ந்தளிக்கப்பட்டது. சுவர்களில் கிரேக்க மரபுப் பொன் ஓவியக் கற்கள்; தரையில் பளிங்குப் பதிப்பு; அண்ணாந்து பார்த்தால் தேனடை போல் அடுக்கடுக்காகத் தொங்கும் முகர்னஸ் மரவிதானம். அவ்விதானத்தின் சிறு சிறு குழிகளில் இசைக் கலைஞரும், ஆடுநரும், கோப்பை ஏந்தி அமர்ந்த அரச உருவங்களும், சதுரங்கம் ஆடுவோரும் தீட்டப்பட்டுள்ளனர். ஓரங்களில் கூஃபி எழுத்தில் மன்னருக்கு வாழ்த்துகள். உயரம் அதிகமாகையால் வெறுங்கண்ணுக்கு இவை நிறத்திட்டுகளாகவே தோன்றும். செல்பவர் சிறு தொலைநோக்கி ஒன்றை எடுத்துச் செல்வது நலம்.

இது 'நாம் கட்டியதா'? ஓவியர்கள் ஃபாத்திமியர் எகிப்திலிருந்து வந்தனரா, இஃப்ரீக்கியாவிலிருந்து வந்தனரா, தீவிலேயே பயின்றவர்களா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அவர்கள் அரபுக் கலைமரபில் ஊறியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டுவித்தவர் கிறிஸ்தவ மன்னர். கட்டப்பட்டது கிறிஸ்தவ ஆலயம். வரையப்பட்டவற்றுள் பல எந்தப் பள்ளிவாசலிலும் இடம்பெறத் தகாதவை. அதைப் பறித்து நம் கணக்கில் வரவு வைப்பது அந்தக் கலைஞர்களுக்கும் அநீதி. அவர்கள் செய்தது அரசவைக் கலை. கூலி கொடுத்தவர் ரோஜர். அவரது மேலங்கியில் அரபு வாசகமும் ஹிஜ்ரி 528 என்ற ஆண்டும் பொன்னிழையால் தைக்கப்பட்டுள்ளன. அந்த அங்கி இப்போது வியன்னாவில் இருக்கிறது. அரண்மனை நீர்க்கடிகாரத்துக்காக 1142இல் வைக்கப்பட்ட கல் இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மும்மொழிகளிலும் பேசுகிறது. ஷரீஃப் அல்இத்ரீஸி 1154இல் நிறைவுசெய்த புவியியல் பெருநூலும் அதன் எழுபது பகுதி வரைபடங்களும் இதே மன்னரின் ஆணையால் உருவானவை.

அல்இத்ரீஸியின் நூல் நிறைவுற்ற ஆண்டிலேயே ரோஜர் இறந்தார். அவர்தம் மகன் தொடங்கி, பேரன் முடித்த 'ஸீஸா' மாளிகை 'அல்அஸீஸா' என்னும் அரபுப் பெயரையே தாங்குகிறது. கூடத்தின் சுவரிலிருந்து சாய்ந்த பளிங்கின் மீது நீர் வழிந்து வாய்க்காலில் ஓடும் அமைப்பு அங்கே உண்டு. 1148இல் மறைந்த அன்னா என்ற கிறிஸ்தவப் பெண்மணிக்கு அவர் மகன் வைத்த கல்லறைப் பலகையும் அங்கேதான் காட்சிக்கு உள்ளது. இலத்தீன், கிரேக்கம், அரபு, ஹீப்ரு எழுத்திலான அரபு என நான்கு வடிவங்களில் ஒரு மகனின் துயரம். பலெர்மோப் பேராலயத்தின் தெற்கு வாயில் தூணொன்றில் ஸூரத்துல் அஃராஃபின் 54ஆம் வசனம் செதுக்கப்பட்டிருக்கிறது. பள்ளிவாசலாக விளங்கிய இடத்தில் 1185 முதல் எழுந்த ஆலயம் அது. பலெர்மோவின் கட்டடங்களையும் செஃபலூ, மோன்ரியால் பேராலயங்களையும் 'அரபு-நார்மானிய' மரபெனச் சேர்த்து யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. கல்தானிசெத்தா, மர்ஸாலா, அல்காந்தரா, ஃபவாரா என்று ஊரும் ஆறும் அரபியில் பெயர் சொல்லும் தீவில் இப்பட்டியல் இன்னும் நீளும். நீட்டுவது நம் நோக்கமன்று.

இத்தகைய கலப்பைப் புரிந்துகொள்ளத் தமிழ் முஸ்லிமுக்கு நூல்கள்கூட வேண்டியதில்லை. கீழக்கரை ஜும்ஆ பள்ளிவாசலிலும் காயல்பட்டினத்தின் பழைய பள்ளிகளிலும் உள்ள கல் தூண்களையும் போதிகைகளையும் பார்த்தவருக்கு அது கைவந்த பாடம். கோயில் மண்டபம் சமைத்த சிற்ப மரபே உருவங்களைத் தவிர்த்துக் கொடிகளையும் பூக்களையும் செதுக்கித் தொழுகைக் கூடம் அமைத்தது. அதனால் அவை கோயில்களாகிவிடவில்லை. அவற்றைச் செதுக்கிய மரபு யாருடையது என்ற உண்மையும் மாறிவிடவில்லை. திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலில், ஆண்டைக் குறிக்கும் பாரசீகத் தொடரை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர். அது இன்றும் கல்லில் இருக்கிறது. வெள்ளிதோறும் அதன் கீழ் செருப்பைக் கழற்றுகிறவர்களில் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருப்பர்? ஆவடியிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் எட்டிவிடக்கூடிய பூந்தமல்லியில், கோல்கொண்டா ஆட்சிக்காலத்தில் 1653இல் எழுப்பப்பட்ட பள்ளிவாசல் உள்ளது. அதைப் பற்றி என் நண்பர் கேட்டிருந்தாலும் நான் அன்று விடையின்றித்தான் நின்றிருப்பேன். பயண நூலாசிரியரைக் குறைகூறும் உரிமை எனக்கு அந்த அளவிற்குக் குறைவு.

சிசிலிக்கு ஒரே ஒரு வழிகாட்டி நூல் எடுத்துச் செல்லலாம் என்றால் இப்னு ஜுபைரின் 'ரிஹ்லா'வையே பரிந்துரைப்பேன். கிரனாடா அரசவையில் எழுத்தராயிருந்தவர். ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில், 1184 டிசம்பரில், ஹிஜ்ரி 580 ரமலானில், அவர் ஏறிய ஜெனோவாக் கப்பல் மெஸ்ஸீனாவின் கரையருகே உடைந்தது. கரைசேர்க்கும் படகுக்காரர்கள் கேட்ட கூலியைக் கொடுக்க இயலாத ஏழை முஸ்லிம்களுக்காக, நேரில் வந்திருந்த இரண்டாம் வில்லியம் மன்னர் பணம் கொடுத்ததை அவர் எழுதுகிறார். அம்மன்னர் அரபு படிக்கவும் எழுதவும் அறிந்தவர். சமையலறை முதல் கருவூலம் வரை முஸ்லிம்களை நம்பியவர். பலெர்மோ அவருக்குக் குர்துபாவை நினைவூட்டுகிறது. கிறிஸ்துமஸ் நாளில் அந்தியோக்கியரின் தேவாலயத்திற்குச் சென்று, பொன் சுவர்களையும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் மனம் நிறைய வருணிக்கிறார். உடனே அந்த அழகின் ஃபித்னாவிலிருந்து இறைவனிடம் பாதுகாப்பும் தேடுகிறார். கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே முகத்திரையிட்டு மருதாணி பூசி வருவதையும் விட்டுவிடவில்லை.

இந்த முன்பின் இழுபறிதான் ரிஹ்லாவின் பெறுமதி. சிலர் இதனை அவரது முரண்பாடு என்பர். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. கண் ஒன்றைச் சொல்லும்போது ஈமான் வேறொன்றைச் சொல்கிறது. அவர் இரண்டையும் எழுதிவைக்கிறார், ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கவில்லை. அதனாலேயே, மின்னும் சுவர்களுக்குக் கீழே இருந்ததும் அவர் கண்ணுக்குப் படுகிறது. பலெர்மோ முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல்களும் கடைவீதிகளும் காழியும் உண்டு. ஆனால் பெருநாள்களில் தவிர ஜும்ஆ குத்பாவிற்கு அனுமதியில்லை. அரண்மனை ஊழியர்கள் ஈமானை மறைத்து வாழ்கின்றனர். இப்னு ஸுர்ஆ என்னும் சட்ட அறிஞர் நெருக்கடிக்கு ஆளாகி மதம் மாறியிருக்கிறார். தீவின் முஸ்லிம்களுக்குத் தலைவரான இப்னு ஹம்மூது, சொத்துகளை இழந்து கலங்கிப்போய் அவரைச் சந்திக்கிறார். 'சமய நல்லிணக்கத்தின் சொர்க்கம்' என்று இன்றைய சுற்றுலா ஏடுகள் விளம்பரம் செய்யும் அதே நகரம், அதே ஆண்டுகள்.

தராபனியில் நிகழ்ந்ததை அவர் எழுதும் இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். ஊரின் மதிப்புமிக்க ஒருவர், கப்பலுக்குக் காத்திருந்த ஹாஜிகளில் ஒருவரிடம் தம் மகனை அனுப்பி, பருவமெய்தும் வயதிலிருந்த தம் மகளை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறார்: விரும்பினால் தாமே மணக்கலாம், இல்லையேல் தம் நாட்டில் தக்கவருக்கு மணமுடிக்கலாம், எப்படியேனும் அவள் முஸ்லிம்களின் நாட்டிற்குப் போய்ச்சேர வேண்டும். தந்தையையும் உடன்பிறந்தோரையும் பிரிய அப்பெண்ணும் உடன்படுகிறாள். கப்பெல்லா பலத்தீனாவின் விதானத்தைத் தொலைநோக்கியால் பார்க்கும்போது இந்தச் சிறுமியும் நினைவில் இருக்கவேண்டும். விதானத்தின் அழகு இதனால் குறைவதில்லை.

பிறகு நடந்தது விரைவாகச் சொல்லிவிடக்கூடியது. 1189இல் வில்லியம் இறந்ததும் பலெர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டு மலைகளுக்குள் ஓடினர். அங்கே எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கிய இரண்டாம் ஃபிரெடரிக், 1220களிலிருந்து அவர்களைத் தீவினின்றும் பெயர்த்து, தென்னித்தாலியின் லூசெரா நகரில் குடியமர்த்தினார். வேரோடு பிடுங்கிய அவரே அவர்களைத் தம் மெய்க்காவலராகவும் வைத்துக்கொண்டார். 1300 ஆகஸ்டில் அஞ்சு வம்சத்து இரண்டாம் சார்லஸ் அந்தக் குடியிருப்பைக் கலைத்து, மக்களை அடிமைகளாக விற்றார். பள்ளிவாசல் இருந்த இடத்தில் பேராலயம் எழுந்தது. இவ்வரலாற்றை முதன்முதலில் அரபு மூலங்களிலிருந்து முழுமையாக எழுதியவர் முஸ்லிம் அல்லர்: பலெர்மோவில் பிறந்து, பாரிஸில் நாடுகடந்து வாழ்ந்தபோது அரபு கற்ற மிக்கேலே அமாரி. 'சிசிலி முஸ்லிம்களின் வரலாறு' என்ற அவரது நூல் 1854 முதல் 1872 வரை வெளிவந்தது. இடையில் அவர் ஐக்கிய இத்தாலியின் கல்வியமைச்சராகவும் இருந்தார். தமிழில் இதன் ஒரு சுருக்கமேனும் வந்தால், நம் பெருமிதக் கட்டுரைகளுக்கும் ஒப்பாரிகளுக்கும் வேலை குறையும்.

நண்பர் மீண்டும் இத்தாலி செல்ல எண்ணுகிறார். இம்முறை குழுவோடு அல்லாமல் மனைவியோடு மட்டும். பார்க்கவேண்டியவற்றை எழுதித் தரும்படி கேட்டார். பிசாவில் கோபுரத்திற்கு முதுகு காட்டி அருங்காட்சியகத்திற்குள் நுழையும்படி எழுதினேன். ரோமில் 1995இல் திறக்கப்பட்ட, பாவோலோ போர்த்தொகேசியும் சாமி மூஸவியும் பிறரும் வடிவமைத்த பெரிய பள்ளிவாசலையும் சேர்த்தேன். பழைய விதானங்களுக்குப் பின் இக்காலத்தார் வளைவுகளைப் பின்னியிருக்கும் விதத்தைப் பார்ப்பது நல்லது. பலெர்மோவிற்கு மூன்று நாள் கேட்டேன். கடைசியில் லூசெரா. அங்கே குன்றின் மீது நீண்ட கோட்டைச் சுவரும், அதனுள் ஃபிரெடரிக்கின் அரண்மனையினது அடித்தளமும் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றுலாக் குழுக்களின் வழியில் அவ்வூர் இல்லை. ஃபோஜ்ஜாவில் இறங்கிச் சிறு ரயிலில் போகவேண்டும். "ஒன்றுமில்லாத இடத்திற்கு எதற்கு?" என்று அவர் கேட்டார். ரிஹ்லாவின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்; தராபனிப் பக்கத்தில் ஓர் அடையாளத் தாளும் வைத்திருக்கிறேன்.